நிலத்தை அளந்த லாம்டன்

பூமியின்மேல் உள்ள ஒவ்வோர் ஊருக்கும் இரண்டு எண்களாலான முகவரி உண்டு. பூமத்திய ரேகைக்கு வடக்கே அல்லது தெற்கே எத்தனை பாகை என்பது அட்சரேகை. கிரீனிச்சுக்குக் கிழக்கே அல்லது மேற்கே எத்தனை பாகை என்பது தீர்க்கரேகை. சென்னை வடக்கே ஏறத்தாழ 13 பாகையிலும், கிழக்கே 80 பாகையிலும் அமைந்திருப்பதை நாம் பள்ளியிற் கற்றோம். இத்தகைய எண்களை நம் நாடெங்கும் பிழையின்றிக் காண வழிகோலியவர் வில்லியம் லாம்டன்.

இங்கிலாந்தின் யார்க்ஷயரில் எளிய குடியிற் பிறந்த அவர், படை அதிகாரியாய் இந்தியா வந்தார். 1799ஆம் ஆண்டு மைசூர்ப் போரில், இரவில் தம் படை திசைமாறிப் பகைவர் பாசறை நோக்கிச் செல்வதை விண்மீன்களைக் கண்டே உணர்ந்தார் என்பர்.

1802 ஏப்ரல் 10ஆம் நாள், பரங்கிமலைக்கருகே ஏழரை மைல் நீளமுள்ள அடிக்கோட்டை எஃகுச் சங்கிலியால் அளக்கத் தொடங்கினார். வெப்பத்தால் சங்கிலி நீளுமாதலின் அதனை வெயில் படாமற் காத்தார். முக்கோணத்தில் ஒரு பக்கமும் இரு கோணங்களும் தெரிந்தால் மற்றப் பக்கங்கள் கணக்கிலேயே கிட்டும். அப்பக்கத்தின்மேல் அடுத்த முக்கோணம். இவ்வாறே குன்றிலிருந்து குன்றுக்கு அளவை சென்றது. அட்சரேகையை விண்மீன்களின் உயரம் காட்டியது. தீர்க்கரேகைக்குச் சென்னை வானாராய்ச்சி நிலையம் தொடக்கமாயிற்று. மேற்குக் கடற்கரையை எட்டியபோது, 400 மைல் அகலமென எண்ணப்பட்ட தீபகற்பம் 360 மைலே எனத் தெரிந்தது. பழைய படங்கள் 40 மைல் கடலை நிலமென்று காட்டியிருந்தன!

1808இல் தஞ்சைப் பெரிய கோயிற் கோபுரத்தின்மீது, அரை டன் எடையுள்ள கோணமானியை ஏற்றுகையில் கயிறு அறுந்தது. கருவி சுவரில் மோதி, பாகைகள் பொறித்த அதன் வட்டம் நெளிந்தது. அவ்வட்டம் கோணினால் அளக்கும் கோணமனைத்தும் பொய்யாகும். லாம்டன் கூடாரத்துள் அமர்ந்து, ஆறு வாரம் உழைத்து, அதனைச் சிறிது சிறிதாக நேராக்கினார். அளவை மீண்டும் தொடர்ந்தது.

குமரிமுனைப் பக்கத்திலிருந்து வடக்கே நீண்ட அக்கோடு இமயத்தின் அடிவாரத்தை 1841இல் அடைந்தது. அதனை முடித்தவர் அவருக்குப்பின் பொறுப்பேற்ற ஜார்ஜ் எவரெஸ்ட். அவர் பெயர் உலகின் மிகவுயர்ந்த சிகரத்திற்கு வாய்த்தது. லாம்டனோ 1823 ஜனவரி 20ஆம் நாள், எழுபது வயதளவில், நாகபுரி செல்லும் வழியில் ஹிங்கன்காட்டில் உயிர்நீத்தார். அங்கேயே அடக்கமும் செய்யப்பட்டார்.

சென்னையிலிருந்து தில்லி செல்லும் இருப்புப்பாதையில் வார்தாவுக்குச் சற்றுமுன் வருவது அவ்வூர். அடுத்தமுறை அவ்வழிச் செல்லுங்கால், பரங்கிமலையில் தொடங்கி அங்கே ஓய்ந்த அப்பெருந்தொண்டை நம் குழந்தைகளுக்கு எடுத்துரைப்போமாக.