குந்தன்லால் சைகால்

காசுமீரத்தை அடுத்த ஜம்மு நகரில், 1904ஆம் ஆண்டு ஏப்பிரல் திங்களில் குந்தன்லால் சைகால் பிறந்தார். அவருடைய அன்னையார் இறைவழிபாட்டில் ஈடுபாடு மிக்கவர். பஜனை நிகழும் இடங்களுக்கு மகனையும் உடன் அழைத்துச் செல்வார். அங்கே கேட்ட பாடல்களே சைகாலுக்கு இசைப்பள்ளி ஆயின. முறையான பயிற்சி அவருக்கு வாய்க்கவில்லை. படிப்பை இடையில் நிறுத்தியவர், தட்டச்சுப் பொறி விற்பனையாளராக ஊர்கள் பல சுற்றினார்.

பின்னர்க் கல்கத்தாவின் நியூ தியேட்டர்ஸ் நிறுவனம் அவரை நடிகராக ஏற்றது. 1935இல் வெளிவந்த தேவதாஸ் என்னும் இந்திப் படம் அவர் புகழை நாடெங்கும் பரப்பியது. ஆயினும் அவருடைய ஆற்றலை முழுமையாகக் காட்டியது, 1938இல் வந்த ஸ்டிரீட் சிங்கர் என்னும் படமே எனலாம்.

அப்படத்தில் பூல்வா என்னும் இளைஞனும் மஞ்சு என்னும் பெண்ணும் தெருவில் பாடிப் பிழைக்கின்றனர். மஞ்சு நாடக மேடையில் பெரும்புகழ் எய்துகிறாள். பூல்வாவோ அவள் வாழ்விலிருந்து விலகி நிற்க நேர்கிறது. அவன் நெஞ்சில் புதைந்த துயரை ஒரு பாட்டு வெளிப்படுத்துகிறது. ஆங்கிலேயரிடம் 1856இல் ஆட்சியை இழந்து இலட்சுமணபுரியாகிய லக்னோவைப் பிரிந்த நவாபு வாஜித் அலி ஷா இயற்றியதாகக் கூறப்படும் பாட்டு அது. பிறந்தகம் நீங்கும் மணமகளின் ஆற்றாமையே அதன் பொருள். அரசன் ஒருவனின் துயரமும் மணமகளின் துயரமும் தெருப்பாடகனின் துயரமாக அங்கே ஒன்றுபடுகின்றன.

முன்னரே பதிவுசெய்த பாட்டுக்கு வாயசைத்து நடிக்கும் முறை 1935இலேயே வந்துவிட்டது. சைகால் அதனை விரும்பவில்லை. நடந்துகொண்டே பாட வேண்டும் என்று வற்புறுத்தினார். அவ்வாறே அவர் ஆர்மோனியத்தைச் சுமந்து பாடிச் செல்ல, வாத்தியக்காரர்கள் படத்தில் விழாதவாறு உடன் நகர்ந்தனர். நாடக மேடையில் கடைசி வரிசைக்கும் எட்டுமாறு உரக்கப் பாடுவதே அந்நாளைய வழக்கம். ஒலிவாங்கிக்கு அது வேண்டுவதில்லை என்பதை நன்குணர்ந்தவர் சைகால். எனவே அவர் மெல்லப் பாடினார். நடையின் தளர்ச்சி மூச்சிலும், மூச்சின் தளர்ச்சி குரலிலும் புலப்பட்டது. கண்ணீர் பெருக்கிக் கதறும் நடிப்பு அங்கே தேவைப்படவில்லை.

1941இன் இறுதியில் சைகால் பம்பாய் சென்றார். 1943இல் தான்சேன் படத்தில் அக்பர் அவையின் இசைவாணராக நடித்தார். ஆனால் மதுப்பழக்கம் அவர் உடலை அரித்துவிட்டது. 1947 சனவரி 18ஆம் நாள், ஜலந்தரில், 42ஆம் வயதில் அவர் காலமானார். அதன் பின்னும் பல்லாண்டுகள், இலங்கை வானொலியின் இந்தி ஒலிபரப்பில், காலை எட்டு மணிக்குச் சற்று முன்னர் நாள்தோறும் அவருடைய பாட்டு ஒன்று ஒலித்து வந்தது.