மலைகளுக்கு உயரம் சொல்லிய லாம்டன்

மூணாறு தேயிலைத் தோட்டங்களில் பாடுபடும் தமிழர்களுக்கு ஆனைமுடி அன்றாடம் கண்ணில் படும் சிகரம். அதன் உயரம் 2,695 மீட்டர். பாலக்காட்டுக் கணவாய் வழியாக ரயிலில் ஊருக்குப் போகிறவர்கள், நிலையப் பலகைகளில் கடல் மட்டத்திலிருந்து இத்தனை மீட்டர் என்று எழுதியிருப்பதைப் பார்த்திருப்பார்கள். நிலத்தையும் மலையையும் விஞ்ஞான முறைப்படி அளக்கும் பெரும் பணியை இந்நாட்டில் தொடங்கி வைத்தவர் வில்லியம் லாம்டன்.

இங்கிலாந்தில் யார்க்ஷயர் பகுதியில் எளிய விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர் அவர். கணக்கில் கெட்டிக்காரர். ராணுவத்தில் சேர்ந்து அமெரிக்காவில் பல ஆண்டுகள் கழித்தார். இந்தியாவுக்கு வந்தபோது நாற்பது வயதைத் தாண்டிவிட்டது. 1799ல் நடந்த சீரங்கப்பட்டணப் போரில் பங்கு கொண்டார். போர் முடிந்ததும், நாட்டைக் குறுக்கும் நெடுக்கும் அளக்க அனுமதி கேட்டார்.

பரங்கிமலையில் தொடக்கம்

1802 ஏப்ரல் 10ந் தேதி சென்னை பரங்கிமலை அருகே வேலை தொடங்கியது. நூறு அடி நீள எஃகுச் சங்கிலியால் ஏழரை மைல் தூரம் அளந்தார்கள். வெயிலில் எஃகு நீளும் என்பதால், வெப்பமானியையும் கூடவே வைத்துக் கணக்கைத் திருத்தினார்கள். இதற்கு 57 நாட்கள் பிடித்தன.

பிறகு சங்கிலிக்கு அதிக வேலையில்லை. முக்கோணத்தின் ஒரு பக்கத்தின் நீளமும் அதன் இரு முனைக் கோணங்களும் தெரிந்தால், மற்ற இரு பக்கங்களையும் கணக்கிட்டுவிடலாம். அப்படியே ஒரு முக்கோணத்தின் மேல் இன்னொன்றாகப் பின்னிக்கொண்டு போனார். சிகரத்தை அண்ணாந்து பார்க்கும் கோணத்தைக் கொண்டு, அதன் மேல் ஏறாமலே உயரமும் கண்டார்கள். கணக்குச் சரிதானா என்று பார்க்க 1806ல் கோவை அருகே மீண்டும் சங்கிலி பிடித்தார்கள்.

சென்னையிலிருந்து மங்களூர்க் கரை வரை 400 மைல் என்று பழைய படங்கள் காட்டின. லாம்டன் அளந்தபோது 360 மைல்தான் இருந்தது! இருந்தும் இது வீண் செலவு என்று முணுமுணுத்த அதிகாரிகள் உண்டு.

தஞ்சையில் வந்த சோதனை

கோணம் அளக்கும் தியோடலைட் கருவியின் எடை சுமார் அரை டன். இங்கிலாந்திலிருந்து வரும் வழியில் பிரெஞ்சுக் கப்பல் அதைப் பிடித்து மொரீஷியசுக்குக் கொண்டுபோக, அங்கிருந்தவர்கள் பெருந்தன்மையோடு திருப்பி அனுப்பினார்கள். 1808ல் தஞ்சைப் பெரிய கோயில் கோபுரத்தின் மேல் அதை ஏற்றும்போது கயிறு அறுந்தது. கருவி சுவரில் மோதி, பித்தளை வட்டம் நெளிந்துவிட்டது. வேறொருவராக இருந்தால் மனமுடைந்திருப்பார். லாம்டன் ஆறு வாரம் உட்கார்ந்து, தம் கையாலேயே அதை நிமிர்த்தினார். அடுத்த ஆண்டு கன்னியாகுமரிப் பகுதியை எட்டினார்.

இருபது ஆண்டுகளில் அவர் முடித்த பரப்பு சுமார் 1,65,000 சதுர மைல். கருவியைத் தோளில் சுமந்தவர்களும் காடு வெட்டி வழி செய்தவர்களும் நம்மவர்கள். மலைக்காய்ச்சலில் பலர் மடிந்தனர். அவர்களுடைய பெயர்கள் எந்த வரைபடத்திலும் இல்லை.

1823 ஜனவரி 20ந் தேதி, நாகபுரிக்குப் போகும் வழியில் ஹிங்கன்காட்டில் லாம்டன் காலமானார். தாய்நாட்டுக்கு அவர் திரும்பவே இல்லை. அவருக்கு உதவியாளராக இருந்த எவரெஸ்ட் பணியைத் தொடர்ந்தார். வங்காளக் கணித மேதை ராதாநாத் சிக்தார் உலகின் மிக உயர்ந்த சிகரத்தைக் கணக்கிட்டுக் கண்டார். ஆனால் சிகரத்துக்கு அமைந்தது எவரெஸ்டின் பெயர்.

இன்று விமானத்திலிருந்து ரேடார் அலையை அனுப்பி, அது பனிமலையில் பட்டுத் திரும்பும் நேரத்தைக் கொண்டு பனிப்பரப்பின் உயரத்தை அளக்கிறார்கள். மேகம் மறைத்தாலும் தடையில்லை. சில ஆண்டுகள் கழித்து மறுபடி அளந்தால் பனி எவ்வளவு கரைந்தது என்று தெரிந்துவிடும். கங்கையும் சிந்துவும் நம்பியிருக்கும் பனி அது. கருவி மாறிவிட்டது, ஒரு முறை அளந்ததை மறுமுறையும் சரிபார்க்கும் பொறுமை மட்டும் லாம்டன் காட்டிய வழிதான்.