தொப்பியை வானத்தில் வீசியவர்

காந்தி, காமராசர், பாரதி வாழ்க்கை எல்லாம் நாம் நிறைய படிச்சிருக்கோம். இந்த முறை கார் பந்தய உலகத்தில் இருந்து ஒருத்தரைப் பார்ப்போம். அவர் பெயர் காலின் சாப்மன்.

பிறப்பும் படிப்பும்

இவர் 1928 மே 19-ல் இங்கிலாந்தில் ரிச்மண்ட் என்ற ஊரில் பிறந்தார். லண்டனில் கட்டமைப்புப் பொறியியல் படித்தார். படிக்கும்போதே பழைய கார் வாங்கி விற்றார். அந்த வியாபாரம் படுத்துப் போனது. விற்காமல் மிஞ்சியது ஒரு பழைய ஆஸ்டின் செவன் கார். வேறொருத்தரா இருந்தால் தலையில் கை வைத்திருப்பார். இவர் அதைப் பிரித்து 1948-ல் சொந்தமாக ஒரு பந்தயக் கார் ஆக்கிவிட்டார்.

1952-ல் ஹேசல் என்ற தோழி 25 பவுண்டு கடன் கொடுத்தார். அந்தப் பணத்தில் தொடங்கிய கம்பெனிதான் லோட்டஸ். லோட்டஸ் என்றால் தாமரை. சாப்மனின் அப்பா நடத்திய ஓட்டலுக்குப் பின்னால் இருந்த பழைய லாயம்தான் முதல் பட்டறை. ஹேசலே பிறகு அவருக்கு மனைவியானார்.

எடை குறைந்தால் வேகம் கூடும்

பெரிய எஞ்சின் வைத்தால்தான் வேகம் வரும் என்று பலரும் நினைத்த காலம் அது. சாப்மனோ எடையைக் குறைப்பதிலேயே கண்ணாக இருந்தார். 1962-ல் லோட்டஸ் 25 காரைச் செய்தார். அதற்கு முன்னால் குழாய்களை இணைத்துக் கூடு கட்டி, மேலே தகடு போர்த்துவார்கள். இவர் குழாயை எடுத்துவிட்டுத் தகட்டையே பெட்டி போல மடித்தார். நம்ம ஜாமெட்ரி பாக்ஸை நினைத்துப் பாருங்கள், உள்ளே கம்பி ஏதும் கிடையாது, ஆனாலும் உறுதியா இருக்கு இல்லையா? அதே மாதிரிதான்.

அந்த வகைக் காரில் ஜிம் கிளார்க் 1963-ல் உலகச் சாம்பியன் ஆனார். 1965-லும் ஜெயித்தார். லோட்டஸ் ஜெயிக்கும்போதெல்லாம் சாப்மன் ஓடி வந்து தன் கறுப்புத் தொப்பியை வானத்தில் வீசுவார்.

சோகமும் தவறும்

1968 ஏப்ரல் 7-ல் ஜெர்மனியில் நடந்த பந்தயத்தில் ஜிம் கிளார்க் விபத்தில் இறந்தார். வயது 32தான். சாப்மன் நொறுங்கிப் போனார். ஆனால் சக ஓட்டுநர் கிரகாம் ஹில் அணியைத் தூக்கி நிறுத்தினார். அந்த வருஷ உலகப் பட்டமும் அவருக்கே.

எடை குறைந்த கார்களுக்கு இன்னொரு பக்கமும் உண்டு. பாகங்கள் பலவீனமாக இருக்கின்றன என்று ஓட்டுநர் யோகன் ரிண்ட் சாப்மனுக்குக் கடிதமே எழுதினார். 1970-ல் இத்தாலியில் பயிற்சியின்போது அவரும் இறந்தார். அதுவரை எடுத்த புள்ளிகளை யாரும் தாண்ட முடியாததால், இறந்த பிறகு அவர் உலகச் சாம்பியன் ஆனார். டெலோரியன் கார் கம்பெனியின் பண மோசடியிலும் சாப்மன் பெயர் கெட்டது. அந்த வழக்கில் லோட்டஸின் கணக்கு அதிகாரி 1992-ல் சிறைக்குப் போனார். பெரிய ஆள் என்பதற்காக இதையெல்லாம் மறைக்கக் கூடாது.

கடைசித் தொப்பி

1972-ல் ஃபிட்டிபால்டி, 1978-ல் ஆண்ட்ரெட்டி என லோட்டஸ் ஓட்டுநர்கள் மேலும் பட்டம் வாங்கினார்கள். அதன்பின் நான்கு வருஷம் வெற்றியே இல்லை. 1982 ஆகஸ்டில் ஆஸ்திரியாவில் எலியோ டி ஏஞ்சலிஸ் 0.05 விநாடி வித்தியாசத்தில் ஜெயித்தார். தொப்பி பறந்தது. அதுதான் கடைசி. 1982 டிசம்பர் 16-ல் மாரடைப்பில் சாப்மன் இறந்தார். அப்போது வயது 54.

அவருக்குப் பிறகு

பீட்டர் வார் என்ற மேலாளர் அணியை நடத்தினார். 1983, 1984 இரண்டு வருஷமும் வெற்றி இல்லை. 1985-ல் அயர்டன் சென்னா என்ற இளம் ஓட்டுநர் வந்து மூன்று வருஷத்தில் 6 பந்தயம் ஜெயித்துக் கொடுத்தார். எல்லாரும் லோட்டஸ் எழுந்துவிட்டது என்று நினைத்தார்கள். ஆனால் 1987-ல் டெட்ராய்ட் பந்தயம்தான் கடைசி வெற்றி. சென்னா வேறு அணிக்குப் போனார். 1989-ல் பெல்ஜியத்தில் இரண்டு கார்களுமே பந்தயத்துக்குத் தகுதி பெறவில்லை. தலைமை மாறிக்கொண்டே இருந்தது, பணமும் தீர்ந்தது. 1994-ல் ஒரு புள்ளிகூட எடுக்கவில்லை. 1995 ஜனவரியில் அணியை மூடிவிட்டார்கள். பிறகு வேறு ஆட்கள் அந்தப் பெயரை வாங்கிப் பயன்படுத்தினார்கள். அப்படி ஒரு அணிக்காக 2011-ல் நம் சென்னை கருண் சந்தோக் ஜெர்மனியில் ஒரு பந்தயம் ஓட்டினார்.

நான் நினைப்பது

ஜிம் கிளார்க் போனபோது எழுந்த அணி, சாப்மன் போனபோது ஏன் எழவில்லை? புது யோசனை, பணம், ஒப்பந்தம், ஆள் தேர்வு எல்லாம் ஒரே ஆளின் தலைக்குள் இருந்தது. அவர் போனதும் அதுவும் போய்விட்டது. சென்னா ஓட்டினார், ஆனால் அடுத்த வருஷக் காரை யோசிக்க இன்னொரு சாப்மன் இல்லை. ஜெயிப்பது மட்டும் தலைவர் வேலை கிடையாது. நாம் இல்லாதபோதும் வேலை நடக்கிற மாதிரி அடுத்தவருக்குச் சொல்லிக் கொடுப்பதும் தலைவர் வேலைதான்.

அதான், இந்தச் சுவர் இதழில் கோடு போடவும் எழுதவும் எட்டாம் வகுப்புத் தங்கைகளையும் சேர்த்துக்கொள்வோம்.



ஒன்பதாம் வகுப்பு மாணவி