அச்சமின்றி வாழும் உரிமை: அம்பேத்கர் வகுத்த பொருளாதாரம்

நாட்டின் வளர்ச்சியை உற்பத்தியின் அளவால் அல்லாமல் மக்களின் நல்வாழ்வால் அளக்க வேண்டும் என்னும் குரல் இன்று பல நாடுகளில் எழுகிறது. அத்தகைய பொருளாதாரம் எவற்றுக்கு முன்னுரிமை தர வேண்டும் என்பதற்கு அண்ணல் அம்பேத்கரின் வாழ்க்கையே விடை தருகிறது. அவரைச் சட்ட மேதையாக மட்டுமே போற்றுவோர் இவ்விடையைப் பேசுவதில்லை.

1891இல் பிறந்த அண்ணல், கொலம்பியாவிலும் லண்டனிலும் முதன்மையாகப் பயின்றது பொருளியலே. ரூபாயின் சிக்கலைப் பற்றிய அவரது ஆய்வு 1923இல் நூலாயிற்று. ஆனால், அவரது பொருளியல் ஏட்டோடு நிற்கவில்லை. 1928இல் பம்பாய் சட்டமன்றத்தில், ஆலைத் தொழில் செய்யும் பெண்களுக்கு மகப்பேற்று உதவி வழங்கும் மசோதாவை ஆதரித்தார். அச்சுமையில் பெரும்பங்கை அரசே ஏற்க வேண்டும் என வாதிட்டார். 1936இல் சுதந்திரத் தொழிலாளர் கட்சியைத் தொடங்கினார். மறு ஆண்டிலேயே, கொங்கணத்துக் குத்தகை உழவர்களை வதைத்த கோத்தி நிலமுறையை ஒழிக்க மசோதா கொண்டுவந்தார்.

1942 முதல் 1946 வரை வைசிராய் நிர்வாகக் குழுவின் தொழிலாளர் துறை உறுப்பினராகப் பணியாற்றினார். அக்காலத்தில் அரசும் முதலாளிகளும் தொழிலாளர்களும் ஒரே மேசையில் பேசும் முத்தரப்பு மாநாடுகள் கூடின. நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளருக்கு நல நிதி உருவானது. ஆண்டு முழுதும் இயங்கும் தொழிற்சாலைகளில் வாரத்துக்கு 54 மணி நேரமாக இருந்த வேலை வரம்பு, 1946ஆம் ஆண்டுத் திருத்தத்தால் 48 மணி நேரமாகக் குறைந்தது.

இவ்வனுபவத்தின் திரட்சியே 1947இல் அவர் எழுதிய ‘மாநிலங்களும் சிறுபான்மையினரும்’ என்னும் அறிக்கை. அடிப்படைத் தொழில்கள் அரசுடைமையாக வேண்டும். வேளாண் நிலம் அரசின் உடைமையாகி, சாதி வேறுபாடின்றி ஊராருக்குக் கூட்டுப் பண்ணைகளாகக் குத்தகைக்குத் தரப்பட வேண்டும். வயது வந்த ஒவ்வொருவருக்கும் காப்பீடு கட்டாயமாக வேண்டும் என அதில் கோரினார். பசித்தவர் ஒரு வேலைக்காகத் தம் அடிப்படை உரிமைகளையே துறக்க நேரும் என்பது அவர் கண்ட உண்மை. நிலமற்ற சேரி மக்களுக்கு இது நாளும் நேர்வது. ஆகவேதான், மாறும் பெரும்பான்மைகளின் விருப்பத்துக்கு விடாமல், இப்பொருளாதார ஏற்பாட்டை அரசமைப்பிலேயே எழுத வேண்டும் என்றார்.

அது நடக்கவில்லை. தீண்டாமை ஒழிப்பு அடிப்படை உரிமையாயிற்று. வாழ்வாதாரமும் வாழ்வூதியமுமோ நீதிமன்றத்தால் நிறைவேற்ற இயலாத வழிகாட்டு நெறிகளாயின. அரசியலில் சமத்துவமும் சமூக, பொருளாதார வாழ்வில் ஏற்றத்தாழ்வும் கொண்ட நாடு நெடுநாள் நிலைக்காது என்று 1949 நவம்பரில் எச்சரித்த அண்ணல், 1956 டிசம்பர் 6 அன்று மறைந்தார்.

மலக்குழிகளில் மனிதரை இறக்குவதைத் தடைசெய்யும் சட்டம் 2013இல் வந்தது. மரணங்கள் இன்றும் தொடர்கின்றன. அக்குழியில் இறங்க மறுப்பவருக்கு நிலமும் மாற்று வேலையும் காப்பீடும் உரிமையாகக் கிடைக்காத வரை, நல்வாழ்வுப் பொருளாதாரம் என்னும் பெயரை எத்திட்டத்துக்கும் நாம் தர இயலாது.