மனித குலத்தைப் படித்த மேதை அனந்தகிருஷ்ண ஐயர்

மனிதன் எங்கே தோன்றினான், எவ்வாறு இத்தனை நிறமும் மொழியும் வழக்கமும் உடையவனாகப் பிரிந்தான் என்னும் வினாக்கள் நெடுங்காலமாக அறிஞர் உள்ளத்தை ஈர்த்து வருவன. இவற்றுக்கு விடை தேடிச் சிலர் ஆப்பிரிக்கக் குகைகளை ஆராய்ந்தனர். சிலர் ஜாவாத் தீவின் ஆற்றங்கரைகளைத் தோண்டினர். நம் கொச்சி நாட்டிலோ, கல்லூரி ஆசிரியர் ஒருவர் மண்ணைத் தோண்டாமல் மனிதரையே நாடிச் சென்றார். மலைக் குடிசைகளிலும் கடற்கரைத் தெருக்களிலும் புகுந்து, அங்கங்கே வாழும் மக்களின் பிறப்பு முதல் இறப்பு வரையிலான வாழ்க்கையை ஏட்டில் பதித்தார். இந்தியாவில் மானிடவியல் என்னும் கலைக்கு அடிகோலியவர்களுள் ஒருவராகப் புகழ்பெற்ற எல். கே. அனந்தகிருஷ்ண ஐயரே அவர்.

மட்டாஞ்சேரியில் வாழும் தமிழ்க் குடும்பத்தினராகிய நாம் ஆண்டு விழா மலரில் அவரை நினைவுகூர்வதற்குத் தனிக் காரணம் உண்டு. அவரும் வேற்றூரிலிருந்து வந்து மலையாள நாட்டில் வேரூன்றிய தமிழ்க் குடியிலே தோன்றியவர். அவர் பணி செய்ததும் நம் காயலுக்கு அக்கரையிலுள்ள எர்ணாகுளத்தில்தான்.

பிறப்பும் கல்வியும்

1861-ம் ஆண்டில் பாலக்காட்டைச் சார்ந்த லட்சுமிநாராயணபுரம் என்னும் அக்ரகாரத்தில் அனந்தகிருஷ்ணர் பிறந்தார். சோழ பாண்டிய நாடுகளிலிருந்து பல தலைமுறைகளுக்கு முன் கணவாய் வழியே மேற்கு நோக்கி வந்த தமிழ் அந்தணர்கள் அமைத்துக்கொண்ட ஊர்கள் பாலக்காட்டைச் சூழப் பல உள. வீட்டில் தமிழும் வெளியில் மலையாளமுமாக வளரும் பிள்ளைகளின் இரட்டை வாழ்வு நம் காலனிப் பிள்ளைகளுக்குப் புதியதன்று.

அவர் பிறந்த காலமும் கருதத்தக்கது. உயிரினங்களின் தோற்றம் பற்றிய டார்வினுடைய நூல் வெளிவந்து அப்போது இரண்டே ஆண்டுகள் ஆகியிருந்தன. ஐயர் இரண்டு வயதுக் குழந்தையாயிருந்தபோது, 1863-ம் ஆண்டு மே மாதத்தில், இராபர்ட் புரூஸ் பூட் என்னும் நிலவியலாளர் சென்னையை அடுத்த பல்லாவரத்தில் ஆதி மனிதன் செதுக்கிய கற்கருவியைக் கண்டெடுத்தார். தமிழ் மண்ணில் மனிதனின் தொன்மை இதிகாச காலங்களுக்கும் அப்பாற்பட்டது என்பதற்கு அந்தச் சிறு கல் சான்றாயிற்று. அதே ஆண்டில் அவர் ஆராய்ந்த அத்திரம்பாக்கத்தின் கருவிகள் ஏறக்குறைய 15 இலட்சம் ஆண்டுகள் பழமையானவை என்று 2011-ம் ஆண்டில் வெளியான ஆய்வு நிறுவியது. இத்தகைய அறிவு விழிப்பு தோன்றிய காலத்திலேதான் ஐயர் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் இயற்கை விஞ்ஞானம் பயின்று பட்டம் பெற்றார்.

ஊதியமில்லாத உத்தியோகம்

பட்டம் பெற்றவர் உடனே பெரும்பதவியில் அமர்ந்துவிடவில்லை. எழுத்தராகத் தொடங்கிப் பள்ளி ஆசிரியரானார். பின்னர் எர்ணாகுளம் மகாராஜா கல்லூரியில் ஆசிரியரானார். வயது நாற்பதைக் கடந்த பிறகே அவர் வாழ்வு திரும்பியது.

இந்திய மக்களின் குலங்களையும் வழக்கங்களையும் ஆராய்ந்து தொகுக்க வேண்டும் என்று ஆங்கில அரசாங்கம் அந்நாளில் திட்டமிட்டது. சென்னை மாகாணத்தில் அப்பணியை எட்கர் தர்ஸ்டன் மேற்கொண்டார். சுதேச சமஸ்தானங்களும் அவ்வாறே செய்தல் வேண்டும் என்றானபோது, 1902-ம் ஆண்டில் கொச்சித் திவான் இப்பொறுப்பை அனந்தகிருஷ்ண ஐயரிடம் ஒப்படைத்தார். பதவியின் பெயர் பெரிது, ஊதியமோ இல்லை. வாரநாட்களில் கல்லூரியில் பாடம் சொல்லி, விடுமுறை நாட்களில் மக்களைத் தேடிச் செல்வது அவர் வழக்கமாயிற்று. மானிடவியலைக் கற்பிக்கும் கல்லூரி எதுவும் அந்நாளில் இந்நாட்டில் இல்லை. ஆகவே, ஆசிரியரும் அவரே, மாணவரும் அவரே.

மலைமுதல் துறைமுகம் வரை

இவ்வுழைப்பின் பயனாகக் கொச்சியின் குடிகளையும் சாதிகளையும் பற்றிய அவருடைய பெருநூல் 1909-ம் ஆண்டில் முதல் தொகுதியாகவும் 1912-ம் ஆண்டில் இரண்டாம் தொகுதியாகவும் வெளிவந்தது.

அந்நூலில் நாம் காணும் மக்கள் எத்தனை வகையினர்! நெல்லியாம்பதி, பறம்பிக்குளம் காடுகளில் கிழங்கு அகழ்ந்தும் தேன் எடுத்தும் வாழ்ந்த காடர்கள் அதில் இடம்பெறுகின்றனர். அவர்கள் பற்களைக் கூராகச் செதுக்கிக்கொள்ளும் வழக்கமும், பெண்கள் கூந்தலில் அணியும் மூங்கில் சீப்பும் அவர் கண்ணுக்குத் தப்பவில்லை. வழியில் நெருங்கி வரவும் உரிமையின்றித் தொலைவில் நின்று குரலெழுப்பிப் பிச்சை கேட்ட நாயாடிகளின் அவல வாழ்வும் அதில் உண்டு. புலையர், ஈழவர், நாயர், நம்பூதிரி என ஒவ்வொரு குலமும் தனித்தனி அத்தியாயம் பெற்றது.

நம் மட்டாஞ்சேரியும் அந்நூலில் ஒளிர்கிறது. 1568-ம் ஆண்டில் எழுந்த பரதேசி யூத ஆலயத்தைச் சூழ்ந்து வாழ்ந்த யூதர்களையும், அவர்களுக்குள்ளேயே வெள்ளையர் கருப்பர் என நிலவிய பிரிவினையையும், கோவாவிலிருந்து வந்து குடியேறித் திருமலைக் கோயிலை மையமாகக் கொண்டு வாழ்ந்த கொங்கணிகளையும் அவர் ஆராய்ந்தார். சிரியக் கிறிஸ்தவரையும் மாப்பிள்ளைமாரையும் விட்டுவிடவில்லை. தம் இனத்தாராகிய தமிழ் அந்தணரையும் அதே வரிசையில் நிறுத்தியதே அவருடைய நேர்மைக்கு அடையாளம் என்போம். பிறரை ஆராய்ச்சிப் பொருளாகக் காண்பது எளிது. தம்மையும் அவர்களுள் ஒருவராக எண்ணி எழுதுவது எல்லார்க்கும் கைவருவதன்று.

கல்கத்தாவும் ஐரோப்பாவும்

நூலின் புகழ் கொச்சி எல்லையைக் கடந்து பரவியது. சென்னைப் பல்கலைக்கழகம் அவரைச் சொற்பொழிவாற்ற அழைத்தது. இந்திய விஞ்ஞான மாநாட்டின் இனவியல் பிரிவுக்குத் தலைமை ஏற்கும் பெருமையும் கிடைத்தது. பின்னர் ஆசுதோஷ் முகர்ஜியின் முயற்சியால் கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் மானிடவியலுக்கென முதன்முதலாகப் பட்டமேற்படிப்புத் துறை அமைந்தபோது, அதனை உருவாக்கிய ஆசிரியர்களுள் ஐயர் ஒருவரானார். அக்கலையில் ஒரு பட்டமும் பெறாதவர், அக்கலையில் பட்டம் வழங்கும் துறையை வளர்த்தார்!

1926-ம் ஆண்டில் சிரியக் கிறிஸ்தவரைப் பற்றிய தனி நூலை வெளியிட்டார். மைசூர் சமஸ்தானத்தில் நஞ்சுண்டய்யா தொடங்கி வைத்த ஆராய்ச்சியை ஏற்று நான்கு தொகுதிகளாக முடித்துக் கொடுத்தார். 1932-ல் கல்கத்தாவினின்று ஓய்வு பெற்ற பின்பும் அவர் ஓயவில்லை. எழுபது வயதைத் தாண்டிய நிலையில் ஐரோப்பிய நாடுகளுக்குச் சென்று அங்குள்ள பல்கலைக்கழகங்களில் உரையாற்றினார். ஜெர்மானியப் பல்கலைக்கழகம் ஒன்று அவருக்குக் கௌரவ டாக்டர் பட்டம் அளித்தது. 1937-ம் ஆண்டில் அவர் மறைந்தார். அவர் மைந்தர் எல். ஏ. கிருஷ்ண ஐயர் திருவிதாங்கூர் மக்களைப் பற்றி ஆராய்ந்து நூல் இயற்றித் தந்தையின் வழியைத் தொடர்ந்தார்.

அளவுகோலும் உண்மையும்

இனி, ஐயர் கையாண்ட முறையையும் நடுநிலையோடு நோக்குதல் நம் கடமை. மனிதரை இனம் பிரிக்க அக்காலத்து அறிஞர் உடலை அளந்தனர். தலையின் அகலத்தை நூறால் பெருக்கி நீளத்தால் வகுத்தால் வருவது ஒரு குறியீடு. மூக்கின் அகலத்தையும் உயரத்தையும் அவ்வாறே கணக்கிட்டால் வருவது மற்றொன்று. மூக்கின் அளவைக் கொண்டே குலத்தின் உயர்வு தாழ்வைச் சொல்லிவிடலாம் என்று ரிஸ்லி என்னும் அதிகாரி வாதித்தார். ஐயரும் அக்காலத்து மாணவராதலின் அவ்வளவுகளைத் தம் நூலில் சேர்த்தார். குலங்களை என்றும் மாறாத தனித்தனிப் பெட்டிகளாகக் காணும் நோக்கும் அந்நாளைய நூல்கள் பலவற்றுக்குப் பொதுவான குறையாகும்.

இன்றைய விஞ்ஞானம் அந்த அளவுகோலை ஒதுக்கிவிட்டது. மூக்கின் அகலம் பெருமளவு தட்பவெப்பத்தைப் பொறுத்தது. குளிர்ந்த வறண்ட காற்றை வெப்பப்படுத்தி ஈரமாக்கி நுரையீரலுக்கு அனுப்பக் குறுகிய மூக்கு உதவுகிறது. தோலின் நிறமோ வெயிலின் கடுமைக்கு ஏற்ப அமைந்தது. இவற்றில் மேன்மை எங்கே, கீழ்மை எங்கே? எந்த இரு மனிதரை எடுத்துக்கொண்டாலும் அவர்தம் மரபணு எழுத்துக்களில் ஆயிரத்துக்கு ஏறத்தாழ ஒன்றே வேறுபடுகிறது. அந்தச் சிறு வேறுபாட்டிலும் பெரும்பகுதி ஒரே கூட்டத்தாருக்குள்ளேயே காணப்படுவது.

நம் மனித இனத்தின் மிகப் பழைய எலும்புகளுள் சில மொராக்கோவில் கிடைத்தன. அவை ஏறக்குறைய 3 இலட்சம் ஆண்டுகள் பழமையானவை என்று 2017-ல் வெளியான ஆய்வு கூறுகிறது. ஆப்பிரிக்காவில் தோன்றிய இம்மனித இனத்தின் ஒரு பிரிவு சுமார் 60,000 ஆண்டுகளுக்கு முன்னர் வெளியேறி உலகெங்கும் பரவிற்று. ஆப்பிரிக்காவுக்கு வெளியே இன்று வாழும் மக்கள் பெரும்பாலும் அவர்கள் வழிவந்தோரே. இந்தியாவுக்குள்ளும் மக்கள் பல காலங்களில் பல திசைகளிலிருந்து வந்து கலந்தனர். சுமார் 4,200 ஆண்டுகளுக்கும் 1,900 ஆண்டுகளுக்கும் இடைப்பட்ட காலத்தில் இக்கலப்பு பரவலாக நிகழ்ந்தது என்றும், அதன் பின்னரே குலத்துக்குள் மட்டும் மணக்கும் வழக்கம் இறுகியது என்றும் 2013-ல் வெளிவந்த மரபணு ஆராய்ச்சி தெரிவிக்கிறது. கொச்சி யூதரின் மரபணுவிலும் மேற்காசியக் கூறோடு இந்நாட்டு மக்களின் கூறு மிகுதியாகக் கலந்திருப்பது புலனாகியுள்ளது. தூய்மை என்று நாம் பெருமை பேசும் குருதியெல்லாம் கலந்த குருதியே.

அளவுகோல் பொய்த்தது, ஆயின் ஐயர் எழுதிய ஏடு பயனற்றுப் போகவில்லை. மட்டாஞ்சேரி யூதரில் பெரும்பாலோர் 1948-ம் ஆண்டுக்குப் பின்னர் இஸ்ரேல் சென்றுவிட்டனர். அவர்கள் இங்கே வாழ்ந்த வாழ்க்கை அவ்வேட்டில் உள்ளது. காடு சுருங்கக் காடரின் பழைய வழக்கங்கள் பல மறைந்தன. அவையும் அதில் உள்ளன. மனிதனை மனிதன் நெருங்கவொட்டாமல் அடித்துத் துரத்திய கொடுமை இந்நாட்டில் இருந்ததா என்று வருங்காலம் ஐயுற்றால், அதற்கும் அவ்வேடே சாட்சி சொல்லும்.

நாம் செய்யத்தக்கது

நம் பிள்ளைகளைப் பார்த்து, நீங்கள் எந்த ஊர், இங்கே எப்போது வந்தீர்கள் என்று கேட்போர் உண்டு. அவ்வினாவைக் கேட்டு நாணவோ சினக்கவோ வேண்டியதில்லை. யூதரும் கொங்கணியரும் குஜராத்தியரும் கச்சிக்காரரும் வேலியில் துணி வெளுக்கும் நம் தமிழ் வண்ணாரும் வெவ்வேறு நாளில் வந்து அமைத்ததே இத்துறைமுக நகரம். காட்டில் வாழ்வோர் முதல் கோட்டையில் வாழ்ந்தோர் வரை எல்லார்க்கும் மூதாதையர் எங்கிருந்தோ நடந்து வந்தவர்களே. முன்னே வந்தோர், பின்னே வந்தோர் என்பதன்றி மனிதருள் வேறு வேற்றுமை இல்லை.

ஆயினும், வந்த கதையை எழுதி வைத்தவருக்கே வரலாறு உண்டு. எழுதாதவரைப் பற்றிப் பிறர் எழுதுவதே வரலாறாகிவிடும். பாட்டனார் எந்த ஊரை விட்டு வந்தார், பஞ்சத்தாலோ வணிகத்தாலோ வந்தார், முதலில் எந்தத் தெருவில் குடியிருந்தார், என்ன தொழில் செய்தார், எந்தத் தெய்வத்துக்குப் பொங்கலிட்டார் என்பனவற்றை அறிந்த முதியோர் நம் வீடுகளில் இன்னும் இருக்கின்றனர். அவர்கள் உள்ளபோதே கேட்டு எழுதிவைத்தல் வேண்டும். ஐயருக்கு இப்பணிக்குக் கிடைத்தவை ஓய்வு நாட்களே. அந்த ஓய்வு நாட்கள் நமக்கும் உண்டு. அடுத்த ஆண்டு மலருக்கு முன் ஒவ்வொரு குடும்பமும் தன் வரலாற்றை ஒரு பக்கமேனும் எழுதித் தருமாயின், அந்தப் பெரியாருக்கு நாம் செலுத்தும் அஞ்சலி அதுவேயாகும்.

வாழ்க அனந்தகிருஷ்ணர் புகழ்! ஓங்குக மனித குலத்தின் ஒற்றுமை!