ஈரோட்டுச் சேர்மன்



சட்டமன்றத்திலே ஒருவர் பேசினால் மறுநாள் பத்திரிகையிலே கொட்டை எழுத்திலே வருகிறது. டில்லியிலே ஒருவர் பேசினால் நாடே காதைத் தீட்டிக் கொள்கிறது. பேரூராட்சி மன்றத்திலே ஒரு தீர்மானம் நிறைவேறினால்? எதிரே இருக்கிற தேநீர்க் கடையிலேகூடக் கேட்பாரில்லை! ஆனால், அந்தத் தேநீர் கொதிப்பது எந்தத் தண்ணீரிலே? அந்தக் கடைக்கு வரி போட்டது யார்? அந்தக் கடையின் பந்தல் பாதையிலே எத்தனை அடி நீளலாம் என்று சொல்ல வேண்டியவர் யார்? கேட்பாரற்றுக் கிடக்கிற அந்தச் சின்ன மன்றந்தான்!

கல்வராயன் மலைப்பக்கத்துச் சங்கராபுரத்தை எண்ணிப் பாருங்கள். மலையிலே பெய்த மழை மணிமுத்தாறாக இறங்கி வருகிற சீமை அது. கள்ளக்குறிச்சியிலிருந்து திருவண்ணாமலைக்குப் போகிற பாதை ஊருக்குள்ளே நுழைந்து போகிறது. பேருந்துக்கும் அதே பாதை. லாரிக்கும் அதே பாதை. கரும்பு ஏற்றிய வண்டிக்கும் அதே பாதை. புத்தகப் பையோடு பள்ளிக்குப் போகிற பிள்ளைக்கும் அதே பாதை. அந்த ஊர்ப் பேரூராட்சியின் வாசலிலே நாள்தோறும் வந்து நிற்கிற கேள்விகள் மூன்று. வரி எவ்வளவு? தண்ணீர் எந்தத் தெருவுக்கு? பாதை யாருக்கு? சின்னசேலத்திலும் இதே கேள்விகள்தான். தியாகதுருகத்திலும் மணலூர்ப்பேட்டையிலும் இதே கேள்விகள்தான்.

நம் தோழர்களிலே சிலருக்கு இவை சில்லறைச் சங்கதிகளாகத் தெரிகின்றன. கொடி பிடித்தோம், கூட்டம் போட்டோம், சிறை புகுந்தோம். கடைசியிலே கிடைத்தது வார்டு உறுப்பினர் பதவிதானா, குழாய்க்கும் சாக்கடைக்குந்தானா நாம் என்று சலித்துக் கொள்கிறவர்களை நாம் பார்த்திருக்கிறோம். அவர்களுக்காகவே இன்று ஒரு சேர்மனின் கதையைச் சொல்கிறோம். அவர் யாருக்கும் தெரியாதவர் அல்லர், நாடறிந்தவர், உலகறிந்தவர். ஆனால், அவரை ஒரு சேர்மனாக எண்ணிப் பார்த்தவர்கள் நம்மிலே குறைவு. ஆகவே, சங்கராபுரத்தை விட்டுச் சற்றே மேற்கே, மலைகளைத் தாண்டிக் காவிரிக் கரைக்கு வாருங்கள். ஈரோட்டுக்கு வாருங்கள்!

1879ஆம் ஆண்டு செப்டம்பர் 17ஆம் நாள் அந்த ஊரிலே பிறந்தார் இராமசாமி. பின்னாளிலே நாடு பெரியார் என்று அழைத்தவர். தந்தை வெங்கட்ட நாயக்கர் பிறக்கும்போதே பெருஞ்செல்வர் அல்லர். கூலி வேலை செய்தார், வண்டி ஓட்டினார், கடை வைத்தார், படிப்படியாக ஏறி மண்டி முதலாளியானார். மகனோ பள்ளியிலே இருந்தது சில ஆண்டுகளே. படிப்பு ஏறவில்லை என்று ஆசிரியர்கள் கைவிட்டார்கள். மண்டிக்கு வந்து உட்கார்ந்தார். மூட்டை எண்ணவும், தராசு பார்க்கவும், வந்தவனிடம் வாதாடவும் அங்கேதான் கற்றார். புராணம் சொல்ல வீட்டுக்கு வந்த பண்டிதர்களைக் கேள்வியால் மடக்கியதும் அங்கேதான். 1898இலே நாகம்மையாரை மணந்தார்.

இருபத்தைந்து வயதை ஒட்டி, தந்தையோடு மனத்தாங்கல் கொண்டு காசிக்குப் போனார். அங்கே ஒரு சத்திரம். கட்டியது ஒரு திராவிட வணிகரின் பணம். உள்ளே இலை போட்டது பார்ப்பனருக்கு மட்டும்! பசியோடு நின்ற இளைஞரை வாசலிலேயே தடுத்துத் தள்ளினார்கள். தெருவிலே விழுந்த எச்சில் இலையிலே இருந்ததை உண்டு பசியாற்றிக் கொண்டார் அந்த மண்டி முதலாளியின் மகன். பொதுவிலே போட்ட பணம் ஒரு சிலருக்குச் சோறாகவும், மற்றவருக்கு மூடிய கதவாகவும் மாறுவது எப்படி என்ற கேள்வி காசித் தெருவிலே அவர் நெஞ்சிலே தைத்தது. அந்த முள்ளை அவர் கடைசி வரையில் பிடுங்கி எறியவில்லை.

ஊருக்குத் திரும்பினார். வாணிகம் அவர் பொறுப்புக்கு வந்தது. ஊர்ப் பொறுப்பும் தொடர்ந்து வந்தது. ஈரோட்டிலே பிளேக் பரவியது. வசதி படைத்தவர்கள் வீட்டைப் பூட்டிக் கொண்டு ஓடினார்கள். இவர் ஓடவில்லை. பிணத்தைத் தொட ஆளில்லாத வீடுகளிலே தாமே தோள் கொடுத்தார். தேவஸ்தானக் கமிட்டிப் பொறுப்பு வந்தது. சாமியிலே நம்பிக்கை இல்லாதவர், சாமியின் சொத்தைச் சல்லி பிசகாமல் காத்தார். அது ஊரார் போட்ட பணம் அல்லவா?

முதல் உலகப் போரின் கடைசி ஆண்டுகளிலே ஈரோட்டு நகரமன்றத்தின் தலைவரானார். அது 1871இலே ஏற்பட்ட நகரமன்றம். சேர்மன் என்றால் அன்றைக்குப் பெருமை. ஜரிகைத் தலைப்பாகை கட்டலாம், கலெக்டர் வந்தால் மாலை போடலாம், சலாம் வாங்கலாம். அப்படி வந்து, அப்படியே இருந்து, அப்படியே போனவர்கள் எத்தனையோ ஊரிலே எத்தனையோ பேர். வரி கட்டுகிறவருக்கே வாக்கு என்றிருந்த காலம் அது. ஆகவே, மன்றத்திலே உட்கார்ந்தவர்களும் வசதி படைத்தவர்கள். அவர்களை அனுப்பியவர்களும் வசதி படைத்தவர்கள். குடிசைக்காரனுக்கு அங்கே நாற்காலியும் இல்லை, நாக்கும் இல்லை. இராமசாமியும் அந்த வசதி படைத்த கூட்டத்திலிருந்து வந்தவர்தான். வந்தவர் என்ன செய்தார் என்பதிலேதான் இருக்கிறது கதை!

தண்ணீரை எடுத்துக் கொண்டார். காவிரி ஓடுகிற ஊரிலே தண்ணீருக்கு என்ன பஞ்சம் என்று கேட்பீர்கள். ஆறு ஊருக்குப் பக்கத்திலே இருக்கலாம். அடுப்பங்கரைக்குப் பக்கத்திலே இருக்கிறதா? ஆள் வைத்துக் கொண்டுவரச் சொல்ல முடிந்தவன் வீட்டிலே அண்டா நிறையும். கூலிக்குப் போகிறவள் வீட்டிலே? விடியுமுன் எழுந்து அவளே சுமக்க வேண்டும். சுமந்த தண்ணீர் சுத்தமா? காலராவைக் கொண்டுவருவது மாரியாத்தாள் கோபம் அல்ல, மலம் கலந்த தண்ணீர் என்பதை அந்நாளிலேயே மருத்துவம் கண்டு சொல்லிவிட்டது. ஊராரோ பொங்கல் வைத்துக் கொண்டிருந்தார்கள். இவர் குழாய் வைத்தார்! காவிரித் தண்ணீரைக் குழாய் வழியே ஈரோட்டுக்குள் கொண்டுவந்த திட்டம் அவருடைய தலைமைக் காலத்தின் முதற்பெருமையாக இன்றும் பேசப்படுகிறது. பின்னாளிலே அவர் மூடநம்பிக்கையை மேடையிலே சாடினார் என்று அறிவோம். மேடைக்கு முன்பே குழாயைக் கொண்டு சாடியவர் அவர் என்பதையும் அறிந்து கொள்ளுங்கள்.

அடுத்து, பாதையை எடுத்துக் கொண்டார். ஈரோடு வாணிக ஊர். வண்டி வந்தால்தான் வாணிகம். ஆனால், கடைவீதியிலே வண்டி திரும்ப இடம் வேண்டுமே! வீதியை அகலப்படுத்தினார், முன்னே நீட்டிக் கொண்டு நின்ற ஆக்கிரமிப்புகளை அகற்றினார். எதிர்ப்பு கிளம்பியது. யார் எதிர்த்தார்கள்? கூலிக்காரனா? அவனுக்கு வீதியிலே என்ன சொத்து? கடைக்காரர்களும் மனைக்காரர்களுமே எதிர்த்தார்கள். அவர்கள் யார்? அவரோடு கொடுக்கல் வாங்கல் உள்ளவர்கள். அவர் வீட்டுத் திருமணத்துக்கு வந்தவர்கள். அவருக்கு வாக்களிக்கக் கூடியவர்கள்! கலெக்டரை எதிர்ப்பது எளிது, தோழர்களே. கண்ணுக்குத் தெரியாத எதிரியைக் கண்டிப்பது அதனினும் எளிது. நேற்று நம்மோடு உட்கார்ந்து காப்பி குடித்தவரின் கடைப்பந்தலைப் பிரிக்கச் சொல்வதுதான் அரிது. அந்த அரிய வேலையை அவர் செய்தார்.

வரியைப் பற்றியும் சொல்ல வேண்டும். குழாய் வானத்திலிருந்து விழுவதில்லை. கடன் வாங்க வேண்டும். கடனை அடைக்க வரி வேண்டும். தண்ணீர் வேண்டும், வரி வேண்டாம் என்று கைதட்டல் வாங்குகிறவன் ஊரை ஏமாற்றுகிறான். வரி வேண்டும், கணக்கு வேண்டாம் என்கிறவன் ஊரைக் கொள்ளையடிக்கிறான். தன் பையிலிருந்து காலணா எடுக்கவும் நூறு முறை யோசித்த சிக்கனக்காரர் பெரியார் என்பது ஊரறிந்த செய்தி. அத்தகைய கைக்கு ஊர்ப்பணம் போனால் எப்படிச் செலவாகும் என்று நாம் விளக்கவும் வேண்டுமா?

வரி உண்டு, மன்றம் இல்லை என்றால் நிலைமை என்ன? அதை அறியச் சங்கராபுரத்துக்காரர்கள் சரித்திரப் புத்தகம் தேட வேண்டாம். தலையை நிமிர்த்தி மலையைப் பார்த்தால் போதும். கல்வராயன் மலையிலே ஜாகீர்தார்கள் மூவர் ஆண்டார்கள். நாடு விடுதலை பெற்று ஆண்டுகள் பல ஓடியும், 1976 வரையில் ஜாகீர் ஒழியவில்லை. உழுதவன் செலுத்தினான், வாங்கியவர் கணக்குச் சொல்லவில்லை, கேட்க ஒரு மன்றமும் இல்லை. கீழே சமவெளியிலே வார்டு உறுப்பினரின் சட்டையைப் பிடித்துத் தண்ணீர் எங்கே என்று கேட்க முடிகிறதே, அந்த உரிமையின் விலை மலைக்காரனுக்குத் தெரியும்.

மீண்டும் ஈரோட்டுக்கு வருவோம். சேலம் நகரமன்றத்துக்கு அதே காலத்திலே தலைவராக இருந்தவர் இராஜகோபாலாச்சாரியார். இரு சேர்மன்களுக்கும் நட்பு ஏற்பட்டது. காங்கிரசுக்கு வாருங்கள் என்ற அழைப்பு வந்தது. 1919இலே ஜாலியன்வாலா பாக் படுகொலை நாட்டை உலுக்கியது. அந்த ஆண்டிலே சேர்மன் பதவியை உதறினார் பெரியார். அது ஒன்று மட்டுமா? தாம் வகித்த 29 பொதுப் பதவிகளையும் துறந்தார். பதவியிலே இருந்தபோது அதைப் பல்லக்காக எண்ணாதவருக்கு, இறங்குவது எப்படிக் கடினமாக இருக்கும்? துண்டு தோளிலே இருக்கும்போது வேலைக்கு ஆகும். வழியை மறித்தால் உதறிப் போடலாம்!

சேர்மன் வேலை முடிந்தது. அந்த வேலையிலே கற்ற பாடம் முடியவில்லை. 1924இலே வைக்கம் அழைத்தது. திருவிதாங்கூர்ச் சீமையிலே ஒரு கோயில். கோயிலைச் சுற்றிய வீதிகளிலே ஈழவரும் புலையரும் நடக்கக் கூடாது. நாய் நடக்கலாம், மாடு நடக்கலாம், மனிதன் நடக்கக் கூடாது! ஈரோட்டிலே வீதி எத்தனை அடி அகலம் என்று பார்த்தவர், வைக்கத்திலே அந்த வீதி யாருடையது என்று கேட்டார். இரு முறை சிறைப்பட்டார். நாகம்மையாரும் அங்கே சென்று போராடினார். 1925இலே கோயிலைச் சுற்றிய வீதிகளிலே பெரும்பாலானவை எல்லோருக்கும் திறந்தன. அகலமான வீதியானாலும் அதிலே ஒருவனுக்கு இடமில்லை என்றால் அது குறுகிய சந்துதான்!

அந்த 1924இலேயே சென்னைச் சட்டமன்றத்திலே இரட்டைமலை சீனிவாசன் கொண்டுவந்த தீர்மானம் நிறைவேறியது. பொதுப் பாதையும் பொதுக் கிணறும் ஒடுக்கப்பட்டோர்க்கும் உரியன என்றது அது. 1925இலே பெரியார் காங்கிரசை விட்டு வெளியேறினார். சுயமரியாதை இயக்கம் வளர்ந்தது. அந்த இயக்கத்தின் தளபதிகளிலே ஒருவர் ஊ.பு.அ. சௌந்தரபாண்டியனார். இராமநாதபுரம் ஜில்லா போர்டுத் தலைவராக உட்கார்ந்தார். தாழ்த்தப்பட்டோரைப் பேருந்திலே ஏற்ற மறுத்த முதலாளிகளைப் பார்த்து, ஏற்றாவிட்டால் உரிமம் இல்லை என்று உத்தரவு போட்டார். ஒரு ஜில்லா போர்டு! ஒரு கையெழுத்து! நூற்றாண்டுகளாக நடந்து தேய்ந்த கால்கள் வண்டியிலே ஏறின. சில்லறைச் சங்கதியா இது?

1973 டிசம்பர் 24இலே பெரியார் கண்மூடினார். 94 ஆண்டு வாழ்விலே சேர்மனாக இருந்தது மிகச் சிறிய காலம். பிறகு அவர் எந்த ஆட்சிப் பதவியையும் ஏற்கவில்லை. ஆனால், ஊர்ப்பணம், ஊர்த்தண்ணீர், ஊர்ப்பாதை என்ற மூன்றும் எல்லோர்க்கும் பொது என்று ஆரம்பித்த கணக்குத்தான், பிறகு கோயில், பள்ளி, உத்தியோகம் என்று விரிந்தது என்பது நம் எண்ணம்.

இன்று நிலைமை என்ன? வயது வந்தோர் அனைவர்க்கும் வாக்கு உண்டு. 1993 முதல் நகர்ப்புற மன்றங்களுக்கு அரசியல் சட்டத்திலேயே இடம் உண்டு. பெண்களுக்குப் பாதி இடம் என்று 2016இலே தமிழ்நாடு சட்டம் செய்தது. ஆனால், அதே 2016இலே மன்றங்களின் காலம் முடிந்தது. 2022 பிப்ரவரியிலேதான் அடுத்த நகர்ப்புறத் தேர்தல் நடந்தது. இடையிலே அய்ந்து ஆண்டுகளுக்கு மேல் அதிகாரிகளின் கையிலே ஊர். அப்போதும் வரி வசூலானது. தண்ணீர் வரவில்லை என்றால் கேட்க உறுப்பினர்தான் இல்லை. அதை மறந்துவிட்டு, இந்த நாற்காலி சின்னது என்று சொல்லலாமா?

ஆகவே, மன்றத்திலே உட்காருகிற தோழருக்கு நாம் சொல்வது இதுதான். வரி உயர்கிறதா? உம் வீட்டு வரியை முதல் நாளே கட்டிவிட்டு, பிறகு ஊரைக் கேளும். புதுக் குழாய் போடுகிறார்களா? உம் தெருவிலே தொடங்காதீர். கடைக்கோடிக் குடிசைத் தெருவிலே தொடங்கும். பாதையை மறிப்பதை அகற்றுகிறார்களா? மாற்றான் கடையை மட்டும் காட்டாதீர். மறிப்பது நம் தோழரின் பந்தலானால் அதையும், நம் கொடிமேடையானால் அதையும் நாமே முன்நின்று நகர்த்துவோம். கொடி தாழ்ந்துவிடாது; ஊரார் மனத்திலே உயரும்!

அய்யாவின் சிலைக்கு மாலை போடுகிறோம், போடுவோம். மாலை போட்ட கையோடு குழாயடிக்குப் போவோம். அங்கே கடைசியாக நிற்கிற தாயின் குடம் நிறைந்ததா என்று பார்ப்போம். நிறையவில்லை என்றால், அடுத்த கூட்டத்திலே நாம் எழுப்ப வேண்டிய முதல் கேள்வி அதுதான்!