மனத்தை எழுதிய புதுமைப்பித்தன்

தமிழ்ச் சிறுகதையை மனித மனத்தின் ஆழங்களுக்குக் கொண்டு சென்றவர்களுள் புதுமைப்பித்தன் முதன்மையானவர். சொ. விருத்தாசலம் என்னும் இயற்பெயர் கொண்ட இவர், 1906 ஏப்ரல் 25ஆம் நாள் திருப்பாதிரிப்புலியூரில் பிறந்தார். திருநெல்வேலி இந்துக் கல்லூரியில் பட்டம் பெற்றபின் 1932இல் திருவனந்தபுரத்தைச் சேர்ந்த கமலாவை மணந்தார். சென்னையில் ‘மணிக்கொடி’யில் எழுதினார், ‘ஊழியன்’, ‘தினமணி’, ‘தினசரி’ இதழ்களில் பணியாற்றினார். வறுமை அவரை விட்டு அகலவில்லை.

அவர் எழுத வந்த காலம் மனத்தைப் பற்றிய அறிவியல் வளர்ந்துவந்த காலம். வில்லியம் ஜேம்ஸ் 1890இலேயே எண்ணங்களை ஓடும் நீராகக் கண்டிருந்தார். ஃபிராய்டின் கனவாராய்ச்சி நூல் 1900ஐ வெளியீட்டு ஆண்டாகத் தாங்கி வந்தது. 1922இல் கல்கத்தாவில் கிரீந்திரசேகர் போஸ் இந்திய உளப்பகுப்பாய்வுக் கழகத்தை நிறுவினார். அறிவியல் விளக்கம் தேடியது. புதுமைப்பித்தனோ விளக்கத்துக்குள் அடங்காமல் எஞ்சி நிற்பதை எழுதினார்.

‘மனித யந்திரம்’ கதையில், ஆயுளெல்லாம் பிறர் கணக்கை எழுதிய மீனாட்சிசுந்தரம் பிள்ளை கடைப் பணத்துடன் கொழும்புக்கு ஓட எண்ணி ரயிலடி வரை செல்கிறார். பின் திரும்பிவந்து பணத்தை வைத்துவிடுகிறார். அவரைத் திருப்பியது நேர்மையா, அச்சமா, பழக்கமா? ஆசிரியர் தீர்ப்புச் சொல்வதில்லை. ‘காஞ்சனை’யில் (1943) நிகழ்வது பேயின் செயலா, பிரமையா என்பதும் இறுதிவரை தெளிவதில்லை. அதே ஆண்டில் வெளிவந்த ‘செல்லம்மா’ளில் நோயுற்ற மனைவி நினைவு தடுமாறித் தாயைத் தேடுகிறாள், அருகிருந்து பேணும் கணவனின் அன்பு சொல்லாமலே புலப்படுகிறது. கயிறு பாம்பாகத் தோன்றும் அத்வைத உவமையைத் தலைப்பாக்கிய ‘கயிற்றரவு’, காலத்தையும் ‘நான்’ என்னும் உணர்வையும் ஐயத்துக்கு உள்ளாக்குகிறது. மேலை உளவியலும் நம் மெய்யியலும் அவர் கதைகளில் ஒன்றையொன்று சோதித்துக் கொள்கின்றன.

‘ராஜமுக்தி’ திரைப்படப் பணிக்காகப் புனே சென்றவர் காசநோயுடன் திரும்பி, 1948 ஜூன் 30இல் திருவனந்தபுரத்தில் மறைந்தார். அப்போது அவருக்கு வயது நாற்பத்திரண்டு.

அவரை மறவாது போற்றிய ஊர்களுள் நாகர்கோவிலும் ஒன்று. எழுத்துலகில் அடியெடுத்து வைத்த இளைஞரான சுந்தர ராமசாமி 1951இல் புதுமைப்பித்தன் நினைவு மலரை வெளியிட்டார். ஆ. இரா. வேங்கடாசலபதி பதிப்பித்த கதைகளின் முழுத்தொகுப்பை 2000இல் இவ்வூர்க் காலச்சுவடு பதிப்பகம் கொணர்ந்தது.

இன்று மூளையின் இயக்கத்தைக் கருவிகள் படமெடுத்துக் காட்டுகின்றன. எந்தப் பகுதி கிளர்ந்தது என்பதை அவை சொல்லும். மீனாட்சிசுந்தரம் பிள்ளை திரும்பி நடந்த அந்தத் தெருவின் நீளத்தை உணர்வதற்கு இன்றும் புதுமைப்பித்தனிடமே செல்ல வேண்டியிருக்கிறது.